ஹனுக்கா விளக்கு: ஒரு நாள் எண்ணெய்க்கு எட்டு இரவு ஏன்?

1 | 23 டிசம்பர் 2024, இரவு 9.10 (கேள்வி கேட்டவர்)

நாளை மறுநாள் மாலை யூதர்களின் ஹனுக்கா பண்டிகை தொடங்குகிறது. எனக்கு ஒரு கணக்கு இடிக்கிறது. ஜெருசலேம் ஆலயத்தில் கிடைத்த ஜாடியில் ஒரு நாளுக்கான எண்ணெய்தான் இருந்தது, அது எட்டு நாள் எரிந்தது என்கிறார்கள். முதல் நாள் எரிந்ததில் வியப்பில்லை, அது இருந்த எண்ணெய். அற்புதம் என்றால் மீதி ஏழு நாள்தான். பிறகு ஏன் எட்டு இரவு ஏற்றுகிறார்கள்? கடையில் விற்கும் விளக்கிலோ ஒன்பது இடம் இருக்கிறது. ஏழா, எட்டா, ஒன்பதா? எண்ணிக்கை எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டது, வீட்டில் விளக்கு எரிந்தால் போதும் என்பது என் கருத்து. தவறென்றால் சொல்லுங்கள்.

2 | 23 டிசம்பர், இரவு 10.40

கணக்கு சரிதான். 16-ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ என்ற யூதச் சட்ட அறிஞர் இதே கேள்வியைக் கேட்டு மூன்று விடை எழுதினார். ஒன்று: ஜாடி எண்ணெயை எட்டுப் பங்காகப் பிரித்தார்கள், ஒவ்வொரு பங்கும் ஓர் இரவு முழுக்க எரிந்தது. அப்படியானால் முதல் இரவும் அற்புதம். இரண்டு: விளக்குகளில் ஊற்றிய பிறகும் ஜாடி நிறைந்தே இருந்தது. மூன்று: விளக்கில் ஊற்றியது இரவெல்லாம் எரிந்தும் காலையில் குறையாமல் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மறுப்பு உண்டு; அவருக்குப் பின் வந்தவர்கள் எழுதிக் குவித்த விடைகளும் ஏராளம். எண்ணெயின் அற்புதம் ஏழு நாள்தான், முதல் நாள் போர் வெற்றிக்கு என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள்.

ஒன்பதாவது இடம் கணக்கில் சேராது. அது ஷமாஷ், ஊழியன் விளக்கு.

"விளக்கு எரிந்தால் போதும்" என்றீர்களே, அதில் பாதி உண்மை. அடிப்படைக் கடமை ஒரு வீட்டுக்கு ஓர் இரவுக்கு ஒரே விளக்கு. எட்டாம் இரவிலும் ஒன்றே ஒன்று ஏற்றினால் கடமை தீர்ந்தது. ஏறிக்கொண்டே போகும் எண்ணிக்கை, கடமையை அழகாகச் செய்ய விரும்புகிறவர்களுக்கும் மேலே ஒரு படி. இன்று அந்த மேல்படியை எல்லாருமே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

3 | 24 டிசம்பர், காலை 6.50

எட்டுக்கு இன்னொரு வேரும் உண்டு, எண்ணெய்க்கு முந்தியது. செலூசிய மன்னர் நான்காம் அந்தியோகஸின் ஆட்சியில் தீட்டுப்பட்ட ஆலயத்தை யூதா மக்கபேயும் சகோதரர்களும் கி.மு. 164-இல் யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் மீண்டும் அர்ப்பணித்தார்கள். மக்கபேயர் முதல் நூல் எட்டு நாள் கொண்டாட்டத்தைச் சொல்கிறது. எண்ணெய் ஜாடியைப் பற்றி ஒரு சொல் இல்லை. இரண்டாம் நூல், மலைகளிலும் குகைகளிலும் திரிந்ததால் கொண்டாட முடியாமல் போன கூடாரத் திருவிழாவை நினைத்து அதைப் போலவே எட்டு நாள் கொண்டாடினார்கள் என்கிறது. முதல் நூற்றாண்டில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் இப்பண்டிகைக்கு 'ஒளிகள்' என்று பெயர் இருந்ததைச் சொல்கிறார், ஜாடியைச் சொல்லவில்லை. தலைமைக் குருவின் முத்திரையோடு தீட்டுப்படாமல் கிடைத்த ஜாடியை நாம் படிப்பது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில். "ஹனுக்கா என்றால் என்ன?" என்று கேட்டு அது சொல்லும் விடை அந்த ஜாடிதான்.

இதைச் சொல்வது அற்புதத்தைக் குறைக்க அல்ல. படையின் வெற்றியை விட்டுவிட்டு ஒரு சிறு ஜாடியைப் பிடித்துக்கொண்டது தல்மூத் ஆசிரியர்கள் செய்த தேர்வு. கையில் ஆலயமும் இல்லை, படையும் இல்லை என்று ஆன பிறகும் ஏற்றக்கூடியது விளக்கு ஒன்றுதான்.

4 | 24 டிசம்பர், காலை 8.15

பழைய யூத அறிஞர் பள்ளிகள் இரண்டில், ஷம்மாய் பள்ளி எட்டு விளக்கில் தொடங்கி ஒன்றில் முடிக்கச் சொன்னது. ஹில்லேல் பள்ளி ஒன்றில் தொடங்கி எட்டுக்கு ஏறச் சொன்னது. ஷம்மாய் பக்கத்துக்குத் தல்மூத் தரும் காரணங்களில் ஒன்று கூடாரத் திருவிழாவில் நாளுக்கு நாள் குறைந்துபோகும் காளைப் பலி. மூன்றாம் குறிப்பில் வந்த அதே திருவிழா. ஹில்லேல் பக்கத்துக் காரணம்: புனிதமானதில் ஏறலாம், இறங்கக் கூடாது. ஹில்லேல் வழிதான் நின்றது.

5 | 25 டிசம்பர், பிற்பகல் 2.30

இன்று முதல் இரவு. தத்துவம் பிறகு. ஏற்றும் முறை:

விளக்குத்தண்டை முன்னால் வைத்து நின்றால் உங்கள் வலதுகோடிதான் முதல் இரவின் இடம். நாளை அதற்கு இடப்பக்கம் ஒன்று கூடும். வைப்பது வலமிருந்து இடம். ஏற்றுவது நேர்மாறு: இன்று புதிதாகச் சேர்ந்ததை முதலில் ஏற்றி, அங்கிருந்து வலப்பக்கம் வர வேண்டும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான். புதியவர்கள் நேற்றைய இடத்திலேயே தொடங்கிவிடுவார்கள். புதிதை முதலில் ஏற்றுவது, அது இன்றைக்குரியது என்பதால்.

ஆசி மொழிகள் ஏற்றுவதற்கு முன். முதல் இரவில் மூன்று: ஹனுக்கா விளக்கை ஏற்றக் கட்டளையிட்டவருக்கு ஒன்று, அந்நாளில் இதே காலத்தில் முன்னோருக்கு அற்புதம் செய்தவருக்கு ஒன்று, இந்த வேளையை அடையச் செய்தவருக்கு ஒன்று. மற்ற ஏழு இரவும் முதல் இரண்டு மட்டும். முதல் சுடர் பிடித்ததும் 'ஹனேரோத் ஹலாலு' பாடலைத் தொடங்குவது பலரின் வழக்கம். அஷ்கனாசியர் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபு யூதர்கள்) 'மாஓஸ் த்சூர்' பாடலைப் பாடுவார்கள், செபார்டியர் (ஸ்பெயின் மரபு யூதர்கள்) 30-ஆம் சங்கீதம்.

தீக்குச்சியைத் திரி நுனியில் காட்டிவிட்டு உடனே எடுக்காதீர்கள். வெளியே நீட்டியிருக்கும் திரியில் பெரும்பகுதி பற்றும்வரை பிடியுங்கள்.

6 | 25 டிசம்பர், பிற்பகல் 3.05

எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதை ஐந்தாம் குறிப்பு விட்டுவிட்டது. இருட்டிய பின் அரை மணி நேரம். தல்மூதின் அளவுகோல் "சந்தையில் கால்நடமாட்டம் ஓயும்வரை". யாருடைய கால்? தர்மோதியர், அதாவது பல்மைரா ஊர்க்காரர்கள். விறகு விற்பவர்கள், கடைசியாகக் கடை கட்டுகிறவர்கள். விறகு தீர்ந்த வீட்டுக்காரர் இருட்டிய பின் ஓடிவந்து வாங்குவார் என்று காத்திருந்தவர்கள். அவர்களும் வீடு திரும்பிய பிறகு விளக்கைப் பார்க்க ஆள் இல்லை.

சூரியன் மறைந்ததும் ஏற்றுவதா, விண்மீன் தெரிந்த பிறகா என்பதில் சமூகத்துக்குச் சமூகம் வேறுபாடு உண்டு. உங்கள் தொழுகைக்கூடத்து வழக்கத்தைப் பின்பற்றுங்கள்.

7 | 25 டிசம்பர், மாலை 4.20

ஹனுக்கா மெழுகுவர்த்திப் பெட்டியில் 44 வரும், ஷமாஷ் தனியாக வாங்க வேண்டும்.

8 | 25 டிசம்பர், மாலை 4.31

இல்லை. 44-க்குள் ஷமாஷும் அடக்கம். 1 முதல் 8 வரை கூட்டினால் 36, இரவுக்கு ஒரு ஷமாஷ் என்று 8. மொத்தம் 44. ஒடிந்து வருவது எப்போதும் இரண்டு மூன்று இருக்கும், அதனால் இன்னொரு பெட்டி கையிருப்பில் வையுங்கள். அஷ்கனாசி வீடுகளில் ஆளுக்கொரு விளக்குத்தண்டு என்பதால் ஆளுக்கொரு பெட்டி. செபார்டி வீட்டில் குடும்பத்துக்கு ஒன்றுதான்.

9 | 25 டிசம்பர், இரவு 8.00 (கேள்வி கேட்டவர்)

ஷமாஷ் எதற்கு என்று இன்னும் விளங்கவில்லை. பற்றவைக்க மட்டும் என்றால் தீக்குச்சி போதாதா?

10 | 25 டிசம்பர், இரவு 9.25

பற்றவைப்பது அதன் சின்ன வேலை. பெரிய வேலை, மற்ற சுடர்களை எந்த வேலைக்கும் ஆகாதவையாகக் காப்பது.

ஹனுக்கா ஒளியைப் பயன்படுத்தக் கூடாது. அதில் படிக்கக் கூடாது, தைக்கக் கூடாது. அதன் முன் காசு எண்ணக் கூடாது என்பது தல்மூதே தரும் எடுத்துக்காட்டு. அதைக் கேட்ட சாமுவேல் என்ற அறிஞர் வியந்து, விளக்கில் புனிதம் ஏதும் இருக்கிறதா என்கிறார். யோசேப் என்ற தல்மூத் அறிஞரின் விடை அருமையானது. பறவையையோ காட்டு விலங்கையோ அறுத்தால் அதன் இரத்தத்தை மண்ணால் மூட வேண்டும் என்பது கட்டளை. இரத்தத்தில் புனிதமா இருக்கிறது? ஆனாலும் காலால் மண்ணைத் தள்ளி மூடக் கூடாது, கையால்தான் மூட வேண்டும். கட்டளை மலிவாகிவிடக் கூடாது. விளக்கும் அப்படியே.

14-ஆம் நூற்றாண்டில் கெரோனா ஊர் அறிஞர் நிஸ்ஸீம் வேறு காரணம் சொல்கிறார்: இது ஆலயத்து விளக்குத்தண்டான மெனோராவின் நினைவு, அதன் ஒளியை யாரும் தம் வேலைக்கு எடுத்ததில்லை, இதையும் எடுக்கக் கூடாது. 'ஹனேரோத் ஹலாலு' பாடலும் இதையே பாடுகிறது: இவற்றைப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை, பார்க்க மட்டுமே.

அறையில் சுடர் எரிந்தால் கண் தானாக அதில் எதையாவது பார்த்துவிடும். அதற்காகத்தான் பக்கத்தில் இன்னொரு சுடர். நீங்கள் பார்த்தது ஷமாஷின் ஒளியில் என்று ஆகிவிடும். எனவே ஷமாஷ் வரிசைக்குள் நிற்கக் கூடாது. ஒரு விரல் உயரமாகவோ, தள்ளியோ, முன்னாலோ இருக்க வேண்டும். ஒன்பதும் ஒரே மட்டத்தில் சம இடைவெளியில் அமைந்த அழகுச் சாமான் கடையில் கிடைக்கும். இரண்டாம் இரவில் அதில் மூன்று சுடரைப் பார்க்கிறவருக்கு இது எந்த இரவு என்று எப்படித் தெரியும்?

11 | 26 டிசம்பர், காலை 7.10

பத்தாம் குறிப்போடு சேர்த்துக்கொள்ள: ஷமாஷால் ஏற்றுவது எல்லாருக்கும் வழக்கமல்ல. வேறொரு மெழுகுவர்த்தியால் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு ஷமாஷைக் கடைசியில் ஏற்றும் செபார்டியர் உண்டு. அங்கே அது முழுக்கக் காவல் விளக்கு. அலெப்போ வழிவந்த யூதர்கள் இரண்டு ஷமாஷ் வைப்பார்கள்.

12 | 26 டிசம்பர், காலை 10.45

எண்ணெய் பற்றி. தமிழ் வாசகர்களுக்கு இதைச் சொல்லாமல் விட மனமில்லை.

எல்லா எண்ணெயும் ஏற்றது, ஒலிவ எண்ணெய் சிறந்தது என்பது யோசுவா பென் லேவியின் வாக்கு. அதையொட்டி அபாயே என்ற பாபிலோனிய அறிஞர் தம் ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறார். ஆசிரியர் முதலில் நல்லெண்ணெயைத்தான் தேடி வாங்குவாராம், அதன் சுடர் நீண்டு நிற்கும் என்று. யோசுவாவின் வாக்கைக் கேட்ட பிறகு ஒலிவ எண்ணெய்க்கு மாறினாராம், அதன் ஒளி தெளிவானது என்று. பாபிலோனில் எள்ளெண்ணெய்தான் ஊர் எண்ணெய். ஓய்வுநாள் விளக்குக்கு ஒலிவ எண்ணெய் மட்டுமே என்று ஒருவர் சொன்னபோது, எள்ளெண்ணெய் தவிர வேறில்லாத பாபிலோன்காரர்கள் என்ன செய்வார்கள் என்று யோகனான் பென் நூரி எழுந்து நின்று கேட்டதும் தல்மூதில் இருக்கிறது.

ஆகவே ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் நல்லெண்ணெயால் ஏற்றுவதில் குறையே இல்லை. கொச்சி யூதர்கள் தொழுகைக்கூட விளக்குகளில் எரித்தது தேங்காய் எண்ணெய். ஹனுக்காவுக்குத் தேங்காய் எண்ணெய் என்றால் ஒன்று கவனியுங்கள்: குளிரில் உறைந்துவிடும். ஏற்றும்போது திரியைச் சுற்றி இளகியிருக்க வேண்டும்.

13 | 26 டிசம்பர், பகல் 12.20

எண்ணெயில் என்ன கெடும்:

கண்ணாடிக் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம் தண்ணீர், மேலே எண்ணெய், அதில் தக்கை மிதக்கவிட்டுத் திரி. தண்ணீர் எண்ணெய் மட்டத்தை உயர்த்தும், கண்ணாடி வெடிக்காமலும் காக்கும். ஆனால் எண்ணெய் தீரும்போது திரி தண்ணீரைத் தொட்டுச் சடசடவென்று தெறித்து அணையும். எனவே கிண்ணம் நிறைந்து தெரிவதை நம்பாதீர்கள். தண்ணீருக்கு மேல் நிற்கும் எண்ணெய்தான் கணக்கு. எவ்வளவு ஊற்றினால் எவ்வளவு நேரம் என்பது திரியின் தடிமனைப் பொறுத்து மாறும். முந்தைய நாளே ஒரு கிண்ணத்தில் அளந்து ஊற்றி எரித்துப் பாருங்கள்.

புதுத் திரியை முதலில் எண்ணெயில் முழுக்க நனைத்து எடுங்கள். உலர்ந்த திரி பஞ்சாகவே எரிந்து கருகி அணையும். நேற்றைய கருகிய திரியைத் தூக்கி எறிய வேண்டாம். சுலபமாகப் பற்றும், தீரும்வரை அதையே பயன்படுத்தலாம் என்று சட்டமும் சொல்கிறது.

மெழுகுவர்த்திக்கு வேறு தொல்லை. குழியில் நிற்காமல் ஆடினால் அடிப்பக்கத்தைச் சூட்டில் இளக்கி அழுத்துங்கள். ஆடுவது சாயும், சாய்ந்தது பக்கத்துச் சுடரோடு சேரும். இரண்டு சுடர் ஒன்றானால் அது விளக்கல்ல, தீவட்டி, எண்ணிக்கையில் சேராது. ஒரு விரல் அகலமாவது இடைவெளி வேண்டும். ஏழாம் எட்டாம் இரவுகளில் வரிசையின் நடுவே சூடு ஏறி வர்த்திகள் வளையும். ஒடுக்கமான தண்டு என்றால் மெல்லிய வர்த்தியைத் தேர்ந்தெடுங்கள். உருகிய மெழுகைக் கொதிநீர் ஊற்றிக் கழுவித் தொட்டியில் விட்டால் குழாய் அடைக்கும். ஆறவிட்டுக் குச்சியால் நெம்பி எடுங்கள்.

14 | 26 டிசம்பர், இரவு 7.40 (கேள்வி கேட்டவர்)

ஏற்றிய பிறகு காற்றில் விளக்கு மலையேறிவிட்டால் மறுபடி ஏற்ற வேண்டுமா? எடுத்து வேறு இடத்தில் வைக்கலாமா?

15 | 26 டிசம்பர், இரவு 8.30

ஏற்றுதலே கட்டளையை நிறைவேற்றுகிறது, வைத்தல் அல்ல. இந்த ஒரு விதியிலிருந்து எல்லாம் வரும்.

போதிய எண்ணெயோடு, சரியான இடத்தில், அரை மணி நிற்கக்கூடிய நிலையில் ஏற்றினீர்களா? அந்தக் கணமே கடமை முடிந்தது. எதிர்பாராமல் அணைந்தால் மறுபடி ஏற்றக் கட்டாயமில்லை. ஏற்றுவது நல்லது, ஆசி மொழி மட்டும் மீண்டும் சொல்லக் கூடாது. ஆனால் காற்றடிக்கும் இடம் என்று தெரிந்தே திறந்தவெளியில் வைத்து அணைந்தால் அது ஏற்றியதாகவே ஆகாது. மீண்டும் ஏற்ற வேண்டும். ஜெருசலேமில் வாசலுக்கு வெளியே கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வைப்பது இதற்காகத்தான்.

பத்து நிமிடத்துக்கான எண்ணெயில் ஏற்றிவிட்டுப் பிறகு ஊற்றிச் சேர்ப்பதும் பயனில்லை. சமையலறையில் ஏற்றி ஜன்னலுக்குத் தூக்கிக்கொண்டு போவதும் அப்படியே. எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே ஏற்றுங்கள். திரைச்சீலையை முன்பே ஒதுக்கிக் கட்டுங்கள்.

16 | 27 டிசம்பர், காலை 8.00

இன்று வெள்ளி, மூன்றாம் இரவு. எட்டு நாளில் எச்சரிக்கை வேண்டிய நாள் இதுதான்.

ஹனுக்கா விளக்கை முதலில் ஏற்றி, பிறகு ஷப்பாத் (வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாள்) விளக்கு. மாற்றினால் ஷப்பாத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடும், அதற்குமேல் தீயைத் தொடக் கூடாது. ஆனால் சுடர் இருட்டிய பிறகும் அரை மணி எரிய வேண்டும். ஜெருசலேமில் டிசம்பர் கடைசியில் சூரியன் மறைவது ஏறக்குறைய 4.40. ஷப்பாத் விளக்கு அங்கே 40 நிமிடம் முன்னால், அதாவது 4 மணிக்கு. அதற்கும் முன் ஏற்றும் ஹனுக்கா விளக்கு 5.45 வரையாவது நிற்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஒன்றே முக்கால் மணிக்கு மேல். பெட்டியில் வரும் வண்ண வர்த்தி அரை மணிக்குச் சற்றே கூட நிற்கும். இன்று அது உதவாது. தடித்த வர்த்தி, அல்லது நிறைய எண்ணெய். ஷமாஷும் அதே அளவு நிற்க வேண்டும், அதை மறந்துவிடுவார்கள்.

17 | 28 டிசம்பர், இரவு 9.15

ஷப்பாத் முடிந்த சனி இரவில் ஹவ்தாலாவா (ஷப்பாத்தை வழியனுப்பும் சடங்கு), ஹனுக்காவா எது முதலில்? தொழுகைக்கூடத்தில் ஹனுக்கா முதலில். வீட்டில் இரண்டு வழக்கமும் உண்டு. ஹனுக்கா சுடரையே ஹவ்தாலாவுக்கான தீயாகக் கொள்ள முடியாது என்பதில் மட்டும் மாற்றுக் கருத்தில்லை. ஹவ்தாலா தீயின் ஒளியைப் பயன்படுத்தியாக வேண்டும், ஹனுக்கா ஒளியைப் பயன்படுத்தவே கூடாது. பத்தாம் குறிப்பின் விதி இங்கேயும் கதவைத் தட்டுகிறது.

18 | 29 டிசம்பர், காலை 11.30

உயரம் பற்றி யாரும் எழுதவில்லை. தரையிலிருந்து 3 தெஃபாக்குக்கு (கையகல அளவு) மேல், 10-க்குக் கீழ் சிறந்தது. ஒரு தெஃபாக் 8 செ.மீ. என்று கொண்டால் 24 முதல் 80 செ.மீ. வரை. 20 முழத்துக்கு மேல், அதாவது 9.6 மீட்டருக்கு மேல் வைத்தால் செல்லாது. நிமிர்ந்து பார்த்தால்தான் தெரியும், யாரும் நிமிர மாட்டார்கள். மாடிவீட்டு ஜன்னல் தெருவிலிருந்து அதைவிட உயரம் என்றால் எதிர்வீட்டு மாடியிலிருந்து தெரிகிறதா என்று பார்ப்பார்கள். வாசலில் வைப்பதானால் இடப்பக்கம். வலப்பக்கம் மெசூசா (நிலைக்காலில் பொருத்தும் வேதவசனச் சுருள்) இருக்கும், உள்ளே வருகிறவர் இரண்டு கட்டளைக்கும் நடுவே நுழைவார். ஆபத்தான காலத்தில் மேசைமேல் வைத்தால் போதும் என்று தல்மூதே இடம் கொடுத்திருக்கிறது.

19 | 29 டிசம்பர், பகல் 1.00

பத்து தெஃபாக் எங்கிருந்து வந்தது? ஓர் ஒட்டகத்திடமிருந்து. சணல் சுமந்து தெருவில் போகும் ஒட்டகம், சணல் கடைக்குள் நீண்டு விளக்கில் பற்றிக் கட்டடமே எரிந்தால் நட்டம் ஒட்டகக்காரருக்கு. கடைக்காரர் விளக்கை வெளியே வைத்திருந்தால் நட்டம் கடைக்காரருக்கு. ஹனுக்கா விளக்கு என்றால் கடைக்காரருக்குப் பொறுப்பில்லை என்கிறார் யூதா என்ற அறிஞர். தல்மூதுக்கு அடிப்படையான மிஷ்னா நூலில் ஹனுக்கா விளக்கைப் பேசும் இடம் இது ஒன்றுதான்! உயரே வைக்கலாம் என்றால் ஒட்டகத்துக்கும் ஓட்டுபவருக்கும் மேலே வைத்திருக்கலாமே என்று கேட்பார்களே, ஆகவே தாழத்தான் வைக்க வேண்டும் என்று ரவீனா என்ற தல்மூத் அறிஞர் முடிவு கட்டினார்.

20 | 30 டிசம்பர், காலை 9.20

கொச்சியைப் பேசியதால் கொங்கணக் கரையையும் சொல்கிறேன். அங்கிருந்த பெனே இஸ்ரேல் யூதர்களுக்கு ஹனுக்கா வழக்கமே நெடுங்காலம் இல்லை. ஆலய அர்ப்பணிப்புக்கு முன்பே தம் முன்னோர் கடலேறிவிட்டார்கள் என்பது அவர்கள் மரபு. பின்னால்தான் கற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய தொழிலோ செக்காட்டி எண்ணெய் எடுப்பது. சனிக்கிழமை செக்கை நிறுத்துவதால் ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', சனிக்கிழமை வாணியர் என்றே அழைத்தார்கள். ஊருக்கே விளக்கேற்ற எண்ணெய் கொடுத்த கைகள், இந்த விளக்கை மட்டும் பிந்தி ஏற்றின.

21 | 1 ஜனவரி 2025, மாலை 3.40

இன்று எட்டாம் இரவு. அரை மணி கடந்ததும் விளக்கைக் குளிரவைக்கலாம், தடையில்லை. முழுக்க எரியவிடுவதே அழகு. அது எரியும் அரை மணியும் பெண்கள் வேலை செய்யாமல் அமர்ந்திருப்பது நெடுநாள் வழக்கம். அரை மணிக்குள் அணைந்து மிஞ்சிய எண்ணெயைச் சமையலுக்கோ வேறு விளக்குக்கோ எடுக்கக் கூடாது, கட்டளைக்கென்று ஒதுக்கியது. எட்டு இரவின் மிச்சத்தையும் திரிகளையும் சேர்த்துத் தனியே எரித்துவிடுங்கள். ஜாடியில் எஞ்சிய, கிண்ணத்தில் ஊற்றாத எண்ணெய்க்கு இந்தத் தடை இல்லை.

22 | 1 ஜனவரி, இரவு 10.05 (கேள்வி கேட்டவர்)

என் கேள்விக்கு விடை கிடைத்தது, நன்றி. எண்ணிக்கை முக்கியமில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இன்னும் ஒன்று. வெள்ளி மாலை, வீட்டில் ஒரே ஒரு விளக்குக்கான எண்ணெய். ஷப்பாத்துக்கா, ஹனுக்காவுக்கா?

23 | 2 ஜனவரி, காலை 6.30

ஷப்பாத்துக்கு. உடுத்த துணியை விற்றாவது ஹனுக்கா விளக்குக்கு எண்ணெய் வாங்கச் சொல்லும் சட்ட அறிஞர் மைமோனிதெஸ், அதே அதிகாரத்தின் முடிவில் வீட்டு விளக்குக்கு முதலிடம் தருகிறார். இருட்டில் ஒருவர்மேல் ஒருவர் இடறி விழும் வீட்டில் அமைதி இருக்காது. பார்க்க மட்டுமான ஒளி, புழங்குவதற்கான ஒளிக்கு வழிவிடுகிறது.

24 | 2 ஜனவரி, காலை 7.45

சட்டம் அதுதான். ஆனால் இன்றைய வீட்டில் செயல் தலைகீழாகும். ஷப்பாத் விளக்காக மின்விளக்கைப் பல அறிஞர்கள் ஏற்கிறார்கள். ஹனுக்காவுக்கு மின்விளக்கைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அதில் எண்ணெயும் இல்லை, திரியும் இல்லை. எனவே மின்சாரம் இருக்கும் வீட்டில் கூடத்து விளக்கை ஷப்பாத்துக்கென்று போட்டுவிட்டு, இருக்கும் ஒரு கிண்ண எண்ணெயை ஹனுக்காவுக்கு ஏற்றுங்கள். முதலில் எண்ணெய், பிறகு சுவிட்ச்.